ஃபைபர் படகின் அடியில் 40 செ.மீ. விரிசல்: எத்தனை அடுக்கு மேட் போடணும்?

கேள்வி:
28 அடி ஃபைபர் படகு. ஏராவுக்கு (படகின் அடியில் நடுவே ஓடும் நீளக் கட்டை) பக்கத்தில் நீளவாக்கில் விரிசல், உள்ளே தண்ணீர் கசியுது. அந்த இடத்தில் தகடு 6 மி.மீ. கனம். வெளிப்பக்கம் எபாக்ஸி பட்டி வச்சு அடைச்சது இரண்டே வாரத்தில் பெயர்ந்துடுச்சு. மேட் (கண்ணாடி இழை விரிப்பு) எத்தனை, ரெசின் (அதை நனைச்சு இறுக வைக்கும் பிசின்) எவ்வளவு வாங்கணும்?

பதில் 1:
பட்டி வெறும் அடைப்புதான் அண்ணே, அது பாரம் தாங்காது. மேட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. விரிசல் எங்கே முடியுதுன்னு பாருங்க. குறுக்குச் சட்டத்தின் ஓரத்தில் முடிஞ்சா, சட்டம் தகட்டை விட்டுக் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடம் 'டிக்'னு கேட்கும், அடுக்கு பிரிஞ்ச இடம் 'தொப்'னு செத்த சத்தம் போடும். சட்டத்தை ஒட்டாம விரிசலை மட்டும் மூடினா, அடுத்த விரிசல் ஒட்டின இடத்தின் ஓரத்திலேயே வரும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. இனி கணக்கு.

சரிவு 12க்கு 1, அதாவது தகட்டின் கனத்தைப் போல 12 மடங்கு தூரம் சரிவாத் தேய்க்கணும். 6 மி.மீ. கனத்துக்கு விரிசலின் இரண்டு பக்கமும் 7 செ.மீ. தேய்க்கணும். ஆக, தேய்க்கிற இடம் ஏறக்குறைய 15 செ.மீ. அகலம், 55 செ.மீ. நீளம். உள்பக்கம் கை போகும்னா உள்ளிருந்தே செய்ங்க, படகின் வெளி வடிவம் கெடாது. வெளியே மெழுகு தடவிய பலகையை முட்டுக் கொடுங்க.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, காய்ந்ததும் அசிட்டோனால் துடைங்க. அப்புறம்தான் கிரைண்டர், 36 நம்பர் டிஸ்க். மெழுகும் எண்ணெயும் இருக்கும்போது தேய்ச்சா அழுக்கு இழைக்குள்ளேயே இறங்கிடும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒன்று சுமார் 1 மி.மீ., 600 கிராம் ரோவிங் (தடித்த இழையில் நெய்த துணி) முக்கால் மி.மீ. கனம் கொடுக்கும். 4 மேட், 3 ரோவிங் மாத்தி மாத்தி. தொடக்கமும் முடிவும் மேட்தான். பழைய தகட்டின் மேல் ரோவிங் நேரா உட்காராது. முதல் மூன்று அடுக்கு போட்டு, சூடு தணிஞ்சதும் மீதி. ஒரே மூச்சில் ஏத்தினா வெந்து சுருங்கி விளிம்பு தூக்கும். ரெசின் 1 கிலோ வாங்குங்க, மிஞ்சும்.

300 கிராம் ரெசினுக்கு கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 4 மி.லி., சிரிஞ்சில் அளந்து. வெயிலில் 3 மி.லி. போதும், அதுக்குக் கீழே போகாதீங்க, முழுசா இறுகாது. கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) தனியா கொடுத்திருந்தா முதலில் அதை ரெசினில் நல்லாக் கலக்கிட்டு அப்புறம் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியா ஒண்ணா ஊத்தினா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்: கேட்டலிஸ்ட் கண்ணில் தெறிச்சா பார்வையே போகலாம்.

கேட்டவர்:
தட்டிப் பார்த்தேன், சட்டத்தின் ஒரு முனை 'தொப்'னுதான் கேட்குது. பக்கத்தில் மிதவை ஃபோம் நனைஞ்சிருக்கு. அப்படியே காயவிடலாமா? எபாக்ஸி ரெசின் நல்லதா?

பதில் 1:
நனைஞ்ச ஃபோம் உள்ளே காயாது. வெட்டி எடுத்துடுங்க. கழன்ற முனையைத் தேய்ச்சு, இரண்டு பக்கமும் 10 செ.மீ. மேட் பட்டை போட்டுத் தகட்டோடு சேருங்க. ஈரம் தெரிய, காலையில் ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் விடுங்க. மதியம் உள்ளே முத்து முத்தா நீர் கோத்தா இன்னும் காயணும்.

பதில் 3:
எபாக்ஸி பழைய ஃபைபரில் நல்லாப் பிடிக்கும், விலைதான் அதிகம். ஆனா சாதா மேட்டின் இழைகளைப் பிணைச்சிருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் மேட் விறைச்சே நிற்கும், வளைவில் படியாது. தையல் போட்ட துணி வாங்கணும். மேலே பாலியெஸ்டர் ஜெல்கோட்டும் (வழவழப்பான மேற்பூச்சு) சரியாப் பிடிக்காது, எபாக்ஸி பெயின்ட் அடிக்கணும். உங்க வேலைக்குப் பாலியெஸ்டரே போதும். ஜெல்கோட் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேருங்க, இல்லேன்னா காத்துப் பட்ட மேல்பரப்பு பிசுபிசுன்னே இருக்கும்.