டாக்ரியோசிஸ்டோரைனாஸ்டமி: இதை எப்படி வாசிப்பது?

கோத்தகிரிக்காரன்:
மார்கழிப் பனிக்கு எங்கள் ஊரில் யாருக்குத்தான் கண் கலங்காது? அம்மாவுக்கோ சித்திரையிலும் இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. புரைக்காக முகாமில் காட்டினோம். "முதலில் வேறொரு ஆபரேஷன், அப்புறம்தான் புரை" என்று கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டில் இங்கிலீஷில் 21 எழுத்துக்கு ஒரே சொல். இன்சூரன்ஸ்காரர்களிடம் போனில் சொல்லவேண்டும், 'டாக்ரி'யைத் தாண்டி வாய் வரமாட்டேன் என்கிறது. நடுவில் 'சிஸ்ட்' இருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, கட்டியாக இருக்கும் என்று சொல்லிப் போய்விட்டார். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தெரிந்தவர்கள் பிரித்துச் சொல்லுங்கள்.

குன்னூர் சிஸ்டர்:
முதலில் அம்மாவைத் தூங்கச் சொல்லுங்கள் தம்பி. இந்தச் சொல்லில் சிஸ்ட் என்றால் பை, கட்டி இல்லை. நான் கண் தியேட்டரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள்.

இந்த மாதிரிச் சொற்களை வாலிலிருந்து பிரிக்கவேண்டும். 'ஆஸ்டமி' என்றால் திறப்பு வைப்பது. கிரேக்கத்தில் ஸ்டோமா வாய். 'ரைனோ' மூக்கு, காண்டாமிருகத்தின் இங்கிலீஷ் பெயரில் இருப்பதும் இதுதான். 'சிஸ்டோ' பை. 'டாக்ரியோ' கண்ணீர். ஆக, கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்கு ஒரு புது வழி.

அழுதால் மூக்கும் ஒழுகுகிறதே, ஏன்? கண்ணீர் ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அது அடைத்தால் நீர் கன்னத்தில் வழியும், பையில் தேங்கிச் சீழ் பிடிக்கும். அந்தச் சீழை வைத்துக்கொண்டு புரைக்குக் கத்தி வைத்தால் கிருமி கண்ணுக்குள் போகும், பார்வையே போய்விடலாம். அதனால்தான் இது முதலில். மூக்கெலும்பு ஓரத்தில் சின்னத் துளை போட்டு, பையை மூக்கின் உள்தோலோடு சேர்த்துவிடுவார்கள். 1904-இல் டோட்டி என்ற இத்தாலிய டாக்டர் வெளியிட்ட முறை. இப்போது மூக்குக்குள்ளிருந்தே செய்வதும் உண்டு, முகத்தில் தழும்பு விழாது.

வாசிக்க: டாக்-ரி-யோ-சிஸ்-டோ-ரை-நாஸ்-ட-மி. 'நாஸ்'ஸில் அழுத்துங்கள், மிச்சம் தானாக வரும்.

வெலிங்டன் வாசி:
எதற்கு இவ்வளவு பாடு? சுருக்கமாக டிசிஆர் என்றால் எல்லோருக்கும் புரியும். ஸ்பெல்லிங் கேட்டால் மட்டும் கவனம்: 'சி' எழுத்து ஒரு இடத்தில் 'க்', இன்னொரு இடத்தில் 'ஸ'. 'ரைனோ'வில் ஆருக்குப் பின்னால் சத்தமில்லாத ஒரு ஹெச் உண்டு, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

குன்னூர் சிஸ்டர்:
பேச்சுக்கு டிசிஆர் சரி. ஃபாரத்தில் முழுதாகவே எழுதட்டும். டிசிடி என்று வேறொன்று இருக்கிறது, முழுப்பெயர் டாக்ரியோசிஸ்டெக்டமி. அதன் வால் 'எக்டமி', அதாவது பையையே எடுத்துவிடுவது. கர்ப்பப்பையை எடுக்கும் ஹிஸ்டரெக்டமி கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே எக்டமி. டிசிடி செய்தால் சீழ் நிற்கும், நீர் வடிவது நிற்காது. ஒரு எழுத்து மாறினால் வேறு ஆபரேஷன்.

கோத்தகிரிக்காரன்:
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், வந்துவிட்டது. நன்றி சிஸ்டர். அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: ஆபரேஷனுக்கு அப்புறம் மூக்கு சிந்தலாமா? இங்கே குளிரில் சளி பிடிக்காத நாளே இல்லை.

குன்னூர் சிஸ்டர்:
கொஞ்ச நாளைக்குக் கூடவே கூடாது. சிந்தினால் ரத்தம் வரும், காற்று கண் பக்கம் ஏறும். எத்தனை நாள் என்பதை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடமே கேளுங்கள். தும்மல் வந்தால் அடக்காமல், வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள்.