ரைஃபிளுக்கு மாற்று விசை வாங்கிய அனுபவம்: எடையை மட்டும் பார்த்து நான் செய்த தவறு

டெக்சாஸிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். நெடுந்தூர ரைஃபிள் போட்டிகளில் ஏழு ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். துப்பாக்கியோடு வந்த விசையை, அதாவது ட்ரிகரை, கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்த நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை அவுன்ஸ் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். அதாவது, விசையை இழுக்க எவ்வளவு எடை தேவைப்படும்படி வைத்திருக்கிறேன் என்பது (16 அவுன்ஸ் ஒரு பவுண்டு). நானும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன். அதனால் பட்டதை இங்கே முழுமையாக எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

என் முதல் ரைஃபிள் .308 தோட்டாவுக்கான ரெமிங்டன் 700. மணல் பையில் வைத்துப் படுத்துச் சுட்டால் 100 கெஜத்தில் ஐந்து தோட்டாக்களும் ஓர் அங்குலத்துக்குள் விழும். ஆனால் போட்டியில் பலகைத் தடுப்பின் மீதும் டயரின் மீதும் வைத்துச் சுடும்போது, ஐந்தில் ஒன்றிரண்டு காரணம் தெரியாமல் விலகிப் போகும். ஸ்கோப்பைச் சந்தேகித்தேன், அதன் வளையங்களைச் சந்தேகித்தேன், தோட்டாவின் வகையையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு நாள் சுடுதளத்தில் வயதில் மூத்த ஒருவர், நான் பார்க்காதபடி மேகசின் என்ற தோட்டாப் பெட்டியில் நிஜத் தோட்டாக்களுக்கு இடையே வெடிக்காத இரண்டு டம்மிகளைக் கலந்து வைத்துக் கொடுத்தார். மூன்றாவது முறை விசையை இழுத்தபோது வெடிக்கவில்லை. ஆனால் ஸ்கோப்பின் குறுக்குக் கோடு இலக்கின் விளிம்புவரை துள்ளிப் போய்த் திரும்பி வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நிஜத் தோட்டாவின் அதிர்வு அதுவரை அந்தத் துள்ளலை மறைத்து வைத்திருந்தது.

அவரிடம் விசையின் இழுப்பு எடையை அளக்கும் டிஜிட்டல் அளவி இருந்தது. பத்து முறை இழுத்துப் பார்த்தோம். மிகக் குறைவு 4 பவுண்டு 9 அவுன்ஸ். மிக அதிகம் 5 பவுண்டு 7 அவுன்ஸ். என்னைக் கெடுத்தது ஐந்து பவுண்டு என்ற எடையைவிட, ஓர் இழுப்புக்கும் இன்னோர் இழுப்புக்கும் இடையே இருந்த அந்த 14 அவுன்ஸ் வேறுபாடுதான். எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரியாததால், ஒவ்வொரு முறையும் விரல் அவசரப்பட்டது. அன்று எனக்கு அது புரியவில்லை. "ஐந்து பவுண்டு அதிகம், குறைக்க வேண்டும்" என்பது மட்டுமே மனத்தில் பதிந்தது.

ரெமிங்டன் 700க்கு மாற்று விசை தேடுகிறவருக்குக் கடைவீதி மிகப் பெரியது. 1962இல் வந்த அந்தத் துப்பாக்கியின் விசை அமரும் இடத்தின் அளவையே, தோட்டாவை ஏற்றிப் பூட்டும் உடற்பகுதியாக இன்று தனியாக விற்கப்படும் போட்டி ஆக்‌ஷன்களில் பலவும் பின்பற்றுகின்றன. அவ்வளவு தேர்வுகளுக்கு நடுவில் நான் எடையை மட்டும் பார்த்து, 6 அவுன்ஸுக்கு இறக்கக்கூடிய ஒன்றை வாங்கினேன். அது ஏறக்குறைய 170 கிராம். ஒரு செல்போனின் எடை. மேசையில் வைத்துச் சுட்டபோது அது எனக்கு வரம்போலத் தோன்றியது. தோட்டாக்கள் விழும் இடங்கள் உண்மையிலேயே நெருங்கி வந்தன.

மூன்றாவது மாதம் ஒரு போட்டி. 90 விநாடிக்குள் நான்கு நிலைகளிலிருந்து சுட வேண்டிய கட்டம். இரும்புக் கதவின் மேற்கம்பியில் பையை வைத்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை மூடி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதிக்கக் குனிந்துகொண்டிருந்தேன். ஸ்கோப்பில் இன்னும் இலக்கு தெரியவில்லை. விரல் விசையைத் தொட்டதை நான் உணரவே இல்லை, துப்பாக்கி வெடித்துவிட்டது. முன்னால் இருநூறு கெஜத்தில் மண் எழும்பியது. நடுவர் உடனே நிறுத்தச் சொல்லி, தோட்டா அறை காலியா என்று பார்த்துவிட்டு, விதிப்படி என்னை அந்தப் போட்டியிலிருந்து விலக்கினார். அவர் கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மூன்றடி தள்ளி, நேரம் குறித்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். வீட்டுக்கு வண்டி ஓட்டி வந்த நான்கு மணி நேரமும் அவன் முகமே கண்முன் நின்றது. இலக்கைப் பார்க்கும் முன் விரலை விசையில் வைத்தது என் குற்றம். விசையின் மீது பழி போட மாட்டேன். ஆனால் அந்தக் குற்றத்தை மன்னிக்கும் இடைவெளி எதுவும் 6 அவுன்ஸ் விசையில் இல்லை என்பதும் உண்மை.

அதன் பிறகு ஓராண்டு பழைய விசையிலேயே சுட்டுக்கொண்டு, மற்றவர்களிடம் கேட்டும் அவர்களுடைய துப்பாக்கிகளில் இழுத்துப் பார்த்தும் படித்தேன். விசைக்குள் நடப்பது எளிமையான ஒன்றுதான்: தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுடும் ஊசி பின்னிழுத்து நிற்கும்போது அதை ஒரு கொக்கி தாங்குகிறது; அந்தக் கொக்கியின் விளிம்பு இன்னோர் எஃகு விளிம்பின் மீது அமர்ந்திருக்கிறது; நாம் இழுக்கும்போது ஒன்று மற்றொன்றின் மீது வழுக்கி விடுபடுகிறது. வழுக்கும் தூரம் அதிகமானால், விடுபடும் முன் விசை இழுபடுவது விரலுக்குத் தெரியும்; அதுதான் இழுவை. அதைக் குறைத்தால் கண்ணாடி உடைவதுபோல் சட்டென்று விடுபடும், ஆனால் இரண்டு விளிம்புகளும் பற்றியிருக்கும் இடமும் சேர்ந்தே குறையும். மிக இலேசான விசைகளில் அந்தப் பற்று மயிரிழையளவு.

கனடாவின் ட்ரிகர்டெக் இந்த இக்கட்டை வேறு வழியில் அணுகியிருக்கிறது. இரண்டு விளிம்புகளுக்கும் நடுவே சுதந்திரமாக உருளும் ஒரு சிறு உருளையை வைத்திருக்கிறார்கள். வழுக்குவதற்குப் பதில் உருள்வதால், பற்று நிறைவாக இருந்தும் இழுவை விரலுக்குத் தெரிவதில்லை. ஆஸ்திரியாவின் பிக்ஸ்ன் ஆண்டி இதையே சிறு குண்டுகளைக் கொண்டு செய்கிறது. அரிசோனாவின் டிம்னி பழைய கொக்கி முறையையே நேர்த்தியாகச் செய்கிறது. வேட்டைக்காரர்களில் பலர் அதைத்தான் நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையில் நியாயமும் இருக்கிறது.

இறுதியில் நான் வாங்கியது ட்ரிகர்டெக்கின் ஸ்பெஷல். 1 பவுண்டிலிருந்து 3.5 பவுண்டுவரை வைக்கலாம். அதைவிட விலை கூடிய டைமண்டில் 4 அவுன்ஸ்வரை இறங்கலாம் என்றாலும், என் போட்டிக்கு அது வேண்டாம் என்று தீர்மானித்தேன். இப்போது 1 பவுண்டு 10 அவுன்ஸில் வைத்திருக்கிறேன். பத்து இழுப்புகளில் வேறுபாடு இரண்டு அவுன்ஸைத் தாண்டுவதில்லை. டம்மி கலந்த மேகசினைக் கொண்டு மறுபடி சோதித்தபோது குறுக்குக் கோடு இலக்கைவிட்டு அசையவில்லை. முன்முகம் தட்டையான விசையைத் தேர்ந்தெடுத்தேன். வளைந்த விசையில் விரல் ஒவ்வொரு முறையும் சற்று மேலோ கீழோ அமர்ந்துவிடுகிறது, தட்டையானதில் அதைக் கவனித்து ஒரே இடத்தில் வைக்க எனக்கு எளிதாக இருக்கிறது. இது என் கைக்குப் பொருந்தியது. உங்கள் கைக்கு எது என்பதை இழுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

கொலராடோவிலிருந்து

டெக்சாஸ் அண்ணன் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் போட்டிக்குச் செல்வதைவிட மலையில் வேட்டைக்குச் செல்வது அதிகம் என்பதால், எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி.

நவம்பர் மாதம், விடிவதற்கு முன் நடக்கத் தொடங்கி, பனியில் படுத்திருந்தேன். மான் ஒன்று எதிர்ச்சரிவில் வந்தது. போல்ட்டை முன்னால் தள்ளி மூடியபோது, வழக்கமாகக் கையில் உணரும் அந்த எதிர்ப்பே இல்லை. சுடும் ஊசி பின்னால் நிற்காமல் போல்ட்டோடு சேர்ந்தே முன்னால் போய்விட்டது. துப்பாக்கி வெடிக்காதது என் பாக்கியம். மறுபடி திறந்து மூடினேன், மறுபடியும் அதே. தோட்டாவை எடுத்துவிட்டு வெறுங்கையோடு கீழே இறங்கினேன்.

காரணம் நான்தான். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் விசைப்பெட்டிக்குள்ளும் எண்ணெய் விட்டுவந்திருக்கிறேன். அது தூசியோடு சேர்ந்து பிசினாகி, கடுங்குளிரில் இறுகி, கொக்கி தன் இடத்துக்குத் திரும்பி வராமல் தடுத்துவிட்டது. சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தை உள்ளே விட்டுக் கழுவியபோது பழுப்பு நிறத்தில் வடிந்தது. காய்ந்த பிறகு விசை பழையபடி வேலை செய்தது. அன்றிலிருந்து விசைக்குள் எண்ணெய் விடுவதில்லை. விசை மிக இலேசாக இருக்கும்போது கொக்கியைத் திருப்பி அனுப்பும் வில்லும் மென்மையாகவே இருக்கும். சிறிது அழுக்கை மீறித் தள்ளும் வலு அதற்கு இருக்காது. ஆகவே மலைக்குச் செல்பவர்கள் 2.5 பவுண்டுக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தடித்த கையுறை போட்ட விரலுக்கு இரண்டு பவுண்டுக்கும் ஒரு பவுண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கையுறையே விசையை முதலில் தொட்டுவிடும்.

இன்னொன்று. இப்போது நான் பயன்படுத்துவது டிக்கா டி3எக்ஸ் ரைஃபிள். அதன் தொழிற்சாலை விசையே 2 முதல் 4 பவுண்டுவரை திருகிக்கொள்ளக்கூடியது, இழுவையும் இல்லாதது. இருநூறு டாலருக்கு மேல் செலவழிக்கும் முன், கையிலிருக்கும் விசையை முதலில் அளந்து பாருங்கள். அந்தப் பணத்துக்கு நல்ல தோட்டாக்களை வாங்கிச் சுட்டுப் பழகினால் கிடைக்கும் பலன் சில நேரங்களில் பெரிது.

ஒன்டாரியோவிலிருந்து

இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இலேசான விசையே தவறு என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு ஏற்பட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் சுடுவது எஃப்-கிளாஸ். இந்த நாட்டில் பிறந்த போட்டி என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஒட்டாவா அருகிலுள்ள கனாட் சுடுதளத்தில் 1000 கெஜத்தில் படுத்தபடி சுடுவோம். முன்புறம் கனமான தாங்கி, பின்புறம் மணல் பை. துப்பாக்கி என் தோளை அரிதாகவே தொடுகிறது. நான் செய்வதெல்லாம் காற்றுக்கொடியைப் பார்த்துக் காத்திருந்து, எண்ணிய நொடியில் விரலை அசைப்பதுதான். 1000 கெஜத்தில் உள்வட்டம் 5 அங்குலம். அந்த நிலையில் இரண்டு பவுண்டு விசையை இழுத்தால் பையின் மீது அமர்ந்த துப்பாக்கி சிறிதளவு புரளும். அந்தச் சிறிதளவே வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விடும். நான் பயன்படுத்தும் ஜுவல் விசையை 4 அவுன்ஸில் வைத்திருக்கிறேன். மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்களில் பலர் இரண்டு அவுன்ஸில் சுடுகிறார்கள்.

ஆனால் எங்களுக்கு இடம் மாறும் அவசரம் இல்லை. துப்பாக்கி தாங்கியில் அமர்ந்து இலக்கை நோக்கிய பிறகே போல்ட்டை மூடுவோம். ஆக, டெக்சாஸ் நண்பரின் 6 அவுன்ஸ் விசை என் கைக்கு வந்திருந்தால் நன்றாகவே உழைத்திருக்கும் என்று நினைக்கிறேன். தூசி விழுந்தால் ஜுவல் முரண்டு பிடிக்கும் என்பது உண்மை. அதற்காக ஒவ்வொரு போட்டி முடிந்ததும் கழுவி உலர்த்துகிறேன்.

அரிசோனாவிலிருந்து

நான் புதியவன். சென்ற வாரம் பழைய ரெமிங்டன் 700 ஒன்றை வாங்கினேன். எந்த ஆண்டினது என்று விற்றவருக்கே தெரியவில்லை. விசையை மாற்றியே ஆக வேண்டுமா, இருப்பதையே இலேசாகத் திருகிக்கொள்ளலாமா? அண்ணன்மார் சொல்ல வேண்டும்.

டெக்சாஸிலிருந்து

தம்பி, திருகாணியைத் தொடும் முன் விசையின் முன்முகத்தைப் பாருங்கள். நெடுக்குக் கோடுகள் செதுக்கியிருந்தால் அது ரெமிங்டனின் பழைய வாக்கர் வகை விசை. வழவழப்பாக இருந்தால் அதற்குப் பின் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோவாக இருக்கலாம். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான எக்ஸ்-மார்க் ப்ரோ விசைகளை, உள்ளே ஒட்டுப்பசை அளவுக்கு மீறிப் பூசப்பட்டிருக்கக்கூடும் என்பதால் நிறுவனமே 2014இல் திரும்ப அழைத்தது. வாக்கர் வகையில் விசைக்கும் கொக்கிக்கும் நடுவே இணைப்பான் என்ற தனித் துண்டு உண்டு. இழுக்கும்போது அது விசையைவிட்டு விலகும், அந்த இடைவெளியில் அழுக்குப் புகுந்தால் விரல் படாமலே வெடிக்கலாம் என்பது பல ஆண்டுகள் நடந்த வழக்குகளில் எழுந்த வாதம். நிறுவனம் அதை மறுத்துவந்தது. என் கருத்தைக் கேட்டால், வரலாறு தெரியாத பழைய 700இல் விசையை இலேசாக்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். 1982க்கு முற்பட்டதானால் சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டை விடுவித்தால்தான் போல்ட் திறக்கும். தோட்டாவை வெளியே எடுக்கும்போது குழாய் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பழைய விசை இரண்டு பின்களில் நிற்கிறது. அவற்றைத் தட்டி எடுக்கும்போது போல்ட் கழன்று வராமல் தடுக்கும் நிறுத்தியும் அதன் சிறு வில்லும் தெறித்துவிடக்கூடும். அவற்றைத் தேடித் தரையில் தவழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். தயக்கம் இருந்தால் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள். பொருத்திய பிறகு, நீங்கள் செய்தாலும் அவர் செய்தாலும், தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்பதை விரலை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு இதைச் செய்யுங்கள்: சேஃப்டியைப் போட்டு, விசையைப் பலமாக இழுத்துவிட்டு, கையை எடுத்த பின் சேஃப்டியை விடுவியுங்கள், ஊசி விழக் கூடாது. போல்ட்டை முரட்டுத்தனமாக இருபது முறை அறைந்து மூடுங்கள். ஒருமுறைகூட விழக் கூடாது. பிறகு ரப்பர் விரிப்பின் மீது கட்டையின் அடிப்பாகத்தை ஓரடி உயரத்திலிருந்து தட்டிப் பாருங்கள். எதிலாவது ஊசி விழுந்தால் எடையைக் கூட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூட்டியும் விழுந்தால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாமல் கன்ஸ்மித்திடம் எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்டாரியோ ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தாங்கியில் சுடுபவருக்கு என் கணக்கு பொருந்தாது. தம்பி எந்த வகைச் சுடுதலுக்குப் போகப்போகிறீர்கள் என்று எழுதவில்லையே. அதையும், அளவி கிடைத்ததும் பத்து இழுப்புகளின் எண்களையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, எத்தனை பவுண்டில் தொடங்கலாம் என்று பேசுவோம்.