நேரடி ஒளிபரப்புக்கு எந்த ஸ்பானிஷ் சொல்?

மாட்ரிட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு கால்பந்து ஆட்டத்துக்கான அறிவிப்பை ஸ்பானிஷில் எழுதித் தர வேண்டும். ஸ்பெயின், மெக்சிகோ இரண்டு இடத்துக்கும் ஒரே வசனம்தான். வெள்ளிக்கிழமை கடைசி நாள். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.

தமிழில் ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்று ஒரே எழுத்தில் வானொலியையும் தொலைக்காட்சியையும் பிரித்துவிடுகிறோம். அந்த வசதி ஸ்பானிஷில் இல்லை. 'எமிதிர்' இரண்டுக்கும் பொது. சரி, அது பெரிய சிக்கல் இல்லை. மைதானத்திலிருந்து நேரடியாகக் காட்டுவதை ஸ்பெயினில் 'ரெத்ரான்ஸ்மிதிர்' என்பார்கள். அதை எழுதி மெக்சிகோ நண்பரிடம் காட்டினேன். "இது மறு ஒளிபரப்பா?" என்று கேட்டார். முன்னால் நிற்கும் 'ரெ' ('மறுபடி' என்று பொருள்) செய்த வேலை.

ராயல் ஸ்பானிஷ் அகாடமியின் அகராதியில் இரண்டு பொருளும் இருக்கின்றன, அதனால் தீர்வு கிடைக்கவில்லை. 'எமிதிர்' போட்டுப் பார்த்தேன். மைதானத்திலிருந்து வருகிற உணர்வு போய்விடுகிறது. அப்புறம் 'நேரலை' வேறு: ஸ்பெயினில் 'என் திரெக்தோ', மெக்சிகோவில் 'என் பீபோ'. வானொலிக்கு ஸ்பெயினில் பெண்பாலாக 'லா ராதியோ', மெக்சிகோவில் ஆண்பாலாக 'எல் ராதியோ'வும் உண்டு. அதை மட்டும் 'போர் ராதியோ' என்று எழுதிப் பால் பிரச்சினையைத் தவிர்த்துவிட்டேன்.

இப்போது கையில் மிச்சம் இருப்பது, 'ரெ' இல்லாத 'த்ரான்ஸ்மிதிர் என் பீபோ' (நேரலையில் ஒளிபரப்புவது). மெக்சிகோவுக்கு இது சரி. ஸ்பெயினில் வளர்ந்தவர்கள், அங்கே ஊடகத்தில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்: கால்பந்து அறிவிப்பில் இது உங்கள் காதுக்கு இயல்பாக இருக்கிறதா?