ஸ்டாண்டர்டு ஹெரால்டு: கிளட்ச் விடும்போது பின்னால் 'டக்', கூடவே ஒரு குலுக்கல்

மார்க்3_தாம்பரம்:
அப்பா வைத்திருந்த ஹெரால்டு, ஸ்டாண்டர்டு கம்பெனியின் பழைய கார், நாலு கதவு மார்க் 3. இப்போது ஓட்டுவது நான்தான். முதல் கியரில் கிளட்சை விட்டதும் பின்னால் 'டக்' என்று ஒரு அடி, வண்டி குலுங்கிவிட்டுத்தான் நகர்கிறது. ரிவர்ஸிலும் அப்படியே. ஓடும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தாலும் அதே சத்தம். இது போக, இரண்டாவது, மூன்றாவது கியரில் ஒரு ஊளை. டாப்புக்கு (நாலாவது கியர்) போனால் அடங்கிவிடுகிறது. மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும் என்கிறார். இறக்கலாமா?

பழைய_ஸ்பேனர்:
தம்பி, பொறுங்கள். டக் வேறு, ஊளை வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் செலவுதான் மிச்சம்.

முதலில் டக். இந்த வண்டியில் பின் ஆக்ஸில் ஒரே துண்டு கிடையாது. டிஃப் (டிஃபரன்ஷியல், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸிஸோடு போல்ட்டில் நிற்கும், அதிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ஆஃப் ஷாஃப்ட் இரண்டும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். கியர்பாக்ஸிலிருந்து டிஃப்புக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் இரண்டு கிராஸ் (கோணம் மாறினாலும் சுழலவிடும் மூட்டு), ஆஃப் ஷாஃப்ட்டுக்கு ஒன்று வீதம் இன்னும் இரண்டு. நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் பிளே (ஆட்டம்) வந்தால் போதும், எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக விழும். (நம் ஊரில் இந்த அமைப்பை யாரும் நம்பவில்லை. 1972-ல் அடுத்த காரான கெஸல் வந்தபோது கம்பெனியே இதை விட்டுவிட்டு சாதாரண ஆக்ஸிலுக்குப் போய்விட்டது.)

பிட் (வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் குழி) உள்ள ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள். ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டாம். தூக்கினால் பின் சக்கரம் இரண்டும் உள்பக்கம் மடிந்து தொங்கும், கிராஸ் ஓடும்போது நிற்கிற கோணத்தில் நிற்காது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டுக் கீழே இறங்குங்கள். கிராஸுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, எதிரெதிராகத் திருகுங்கள். இரண்டும் சேர்ந்து அசைந்தால் அது டிஃப்புக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்லின் பிளே. ஒன்று நின்று மற்றது அசைந்தால் கிராஸ் போச்சு. கிராஸ் முனைகளை மூடியிருக்கும் கப் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துருத்தூள் கசிந்திருந்தால் உள்ளே நீடில் பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கைவைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, மாற்றிவிடுங்கள்.

ஊளை கியர்பாக்ஸ்தான், மெக்கானிக் சொன்னதில் அது சரி. டாப் கியர் நேராகப் போகிறது, லே ஷாஃப்ட் (மற்ற கியர்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் துணைத் தண்டு) மேல் சுமை விழாது. டிஃப் ஊளையாக இருந்தால் டாப்பிலும் கேட்டிருக்கும். ஆனால் லே ஷாஃப்ட் தேய்ந்ததற்காக வண்டி இப்படிக் குலுங்காது. ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்து, இரும்புத் துணுக்கு இருக்கிறதா பாருங்கள்.

பெரம்பூர்_பேரிங்:
ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸுக்கு ஜிஎல் 4 தரத்தில் 90 கிரேடு. கடையில் ஜிஎல் 5 தான் நீட்டுவார்கள், வேண்டாம். சிங்க்ரோ ரிங்கை (கியர் கரகரக்காமல் விழ உதவும் வளையம்) அரிக்கும் என்று பயம். டிஃப்புக்கு அது பரவாயில்லை. டிஃப் மவுண்டிங் ரப்பரையும் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள், அது நைந்தாலும் டக் வரும். அப்புறம், முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. ஓடும்போது அதில் போட்டால் வரும் கரகரப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மார்க்3_தாம்பரம்:
அண்ணே, டக் போய்விட்டது. இடது ஆஃப் ஷாஃப்ட்டில் அந்தத் துருத்தூள் அப்படியே இருந்தது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் பின் கிராஸிலும் ஆட்டம். இரண்டும் மாற்றியாச்சு. துணியில் துணுக்கு எதுவும் இல்லை. ஊளை மட்டும் இருக்கிறது. இப்படியே ஓட்டலாமா?

பழைய_ஸ்பேனர்:
ஓட்டலாம், ஆயில் லெவலை மட்டும் கவனியுங்கள். நிறுத்தியிருக்கும்போது நியூட்ரலிலேயே சத்தம் வந்து, கிளட்ச் மிதித்தால் நிற்க ஆரம்பித்தால் அப்போது இறக்குங்கள். மெக்கானிக் அடியில் படுக்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். முன் சீட்டையும் நடுக் கவரையும் கழற்றினால் ஹெரால்டு கியர்பாக்ஸ் உள்ளே இருந்தே கைக்கு வரும், கதவு வழியாகத் தூக்கிவிடலாம்.