அம்பாசடர் மார்க் 4: மலை ஏறி நின்னதும் ஆயில் லைட் எரியுது, இன்ஜினை இறக்கணுமா?

நாகலூர் அம்பி:

வணக்கம் அண்ணன்மாரே. அப்பா வாங்கின 1986 மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. நாகலூர்ல எங்க காபித் தோட்டத்துல நிக்குது. பெரும்பாலும் ஏற்காடு டவுன் வரைக்கும்தான் ஓட்டம், வாரத்துக்கு ஒருமுறை சேலம் இறங்கி செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார்.

அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசியும் ஏறி, ஒண்டிக்கடை பக்கம் நிறுத்தி நியூட்ரல்ல விட்டா ஆயில் லைட் மினுக் மினுக்னு எரியுது. ஆக்சிலேட்டரை லேசா அமுக்கினா அணைஞ்சுடுது. காலைக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது உடனே அணையுது. இறக்கத்துல செகண்ட் கியர்ல வரும்போதும் சரி, வளைவுல ஒடிக்கும்போதும் சரி, எரியறதில்ல.

கீழே ஒரு பட்டறையில காட்டினேன். "பிஸ்டன் சுத்திவிடற கிராங்க் தண்டு போச்சு, இன்ஜினை இறக்கி கிரைண்டிங் போட்டு பேரிங் செட் மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னார். அதுக்கு இன்னொரு பழைய அம்பாசடரே வாங்கிடலாம்.

ஆயில் ஒழுகல, புகையும் இல்ல. போன தடவை 20 டபிள்யூ 50 ஆயில் மாத்தினதுல இருந்து ஒரு சொட்டுகூட ஊத்தல, டிப்ஸ்டிக்ல மேல் கோட்டையும் தாண்டித்தான் நிக்குது. அதனால ஆயில் குறைவு இல்லன்னு உறுதியாத் தெரியுது. மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி. மலையில ஓடற வண்டி, அப்படித்தான் இருக்கும். உண்மையிலேயே இறக்கித்தான் ஆகணுமா?

ஓமலூர் டூரிங்:

முதல்ல அந்த லைட்டைப் போடற ஆயில் பிரஷர் சுவிட்சை மாத்துங்க தம்பி. சில்லறைக் காசு. பழைய சுவிட்ச் சூடானா பொய் சொல்லும். அப்பவும் எரிஞ்சா, கடையில கெட்டியா ஒரு ஆயில் மருந்து டப்பா கிடைக்கும், அதை ஊத்திட்டு ஓட்டுங்க. என் டாக்சி அப்படியே பல வருஷம் ஓடுச்சு.

குகை பட்டறை:

தம்பி, கேள்வியிலேயே பதில் கிடக்கு. "மேல் கோட்டையும் தாண்டி நிக்குது"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த வரிதான். இந்த வயசு இன்ஜின் ஒண்ணு ஆயிலைக் குடிக்கும், இல்ல ஒழுக்கும். ஊத்தாமலே அளவு ஏறுதுன்னா சேம்பருக்குள்ள, அதாவது இன்ஜினுக்கு அடியில இருக்கற ஆயில் தொட்டிக்குள்ள, வேற ஏதோ இறங்குது. நான் அம்பாசடர் பார்த்த காலத்துல அளவு குறையற வண்டியைவிட ஏறற வண்டியைப் பார்த்துத்தான் பயப்படுவேன்.

தண்ணி இறங்கினா டிப்ஸ்டிக்ல ஆயில் வெளுத்துப்போய் நுரைச்சிருக்கும். (ஏற்காட்டுக் குளிர்ல சின்னச் சின்ன ஓட்டம் ஓடற வண்டிக்கு ஆயில் மூடி அடியில மட்டும் லேசா வெள்ளை படியறது சகஜம். அதைக் காட்டி யாராவது ஹெட் கேஸ்கட்னு சொன்னா கழட்ட விட்டுடாதீங்க.) வெளுக்கலன்னா பெட்ரோல். நாளைக்குக் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்க. அதுலயே ரெண்டு சொட்டு பேப்பர் மேல விடுங்க. நல்ல ஆயில் சொட்டு இருந்த இடத்துலயே கறுப்பா நிக்கும். பெட்ரோல் கலந்தது அகலமாப் பரவி, ஓரத்துல ஈர வளையம் கட்டும். பக்கத்துல பீடி, தீப்பெட்டி எதுவும் வேண்டாம்.

இந்த வண்டியில பெட்ரோல் சேம்பருக்குப் போக ரெண்டு வழி. ஒண்ணு சோக். குளிர்ல இழுத்த கேபிள் முழுசாத் திரும்பாம நின்னா, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிட்டு ரிங் வழியா இறங்கும். அப்படின்னா பிளக் கரி பிடிச்சுக் கறுத்திருக்கும், சைலன்சர்லயும் கறுப்புப் புகை வரும். புகை இல்லைன்னு சொல்லிட்டீங்க, அதனால என் சந்தேகம் ரெண்டாவது மேல: ஏசி பம்ப், அதாவது பெட்ரோல் பம்ப் (ஏர் கண்டிஷனர் இல்ல). மலை ஏறும்போது சூட்டுல பெட்ரோல் ஆவியாகி அடைச்சு, வேப்பர் லாக் ஆகி நின்னா ஈரத்துணி போட்டு ஆத்துவோமே, அதே பம்ப்தான். கேம் ஷாஃப்ட் அதோட லீவரைத் தட்ட, உள்ளே டயஃப்ரம்ங்கற சவ்வு மேலயும் கீழயும் போகும். டயஃப்ரத்துக்கு அந்தப் பக்கம் பெட்ரோல், இந்தப் பக்கம் இன்ஜின். அது கிழிஞ்சா பெட்ரோல் லீவர் வழியா நேரா ஆயிலுக்குள்ள. வண்டி நிக்காது, இழுவையும் பெருசாக் குறையாது, மைலேஜ் மட்டும் போகும். சின்ன ஓட்டம் ஓடறதால கலந்த பெட்ரோல் சூட்டுல ஆவியாகிப் போகவும் நேரம் கிடைக்கறதில்ல.

இதுக்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஆயில் பம்ப் வேலை ஆயிலைத் தள்ளறது மட்டும்தான். பிரஷர் உண்டாகறது எதிர்ல இருக்கற தடையால. தோட்டத்து ஹோஸ் வாயைக் கட்டைவிரலால மூடினா பீய்ச்சுது, விட்டா தொளதொளன்னு ஒழுகுது, அவ்வளவுதான் விஷயம். இன்ஜின்ல அந்த விரல், கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. இடைவெளி தேஞ்சு அகலமானாலும் பிரஷர் விழும், இடைவெளி சரியா இருந்து ஆயில் நீர்த்துப் போனாலும் விழும். ரெண்டுலயும் அறிகுறி ஒண்ணேதான்: குளிர்ல நல்லா இருக்கும், சூடாகி ஸ்லோல, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம, நிக்கும்போது லைட் எரியும். அதனால உங்க மெக்கானிக் பொய் சொல்லல. ஆனா அளந்து பார்க்காம சொல்லிட்டார்.

அளக்கறது எப்படி? சுவிட்சைக் கழட்டி, அதே மரைக்குப் பொருந்தற மாதிரி ஒரு மெக்கானிக்கல் மீட்டர் மாட்டுங்க. சுவிட்சைக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போய் மரையை ஒப்பிட்டு வாங்குங்க. இந்த மாதிரி சுவிட்ச் பிரஷர் சதுர அங்குலத்துக்கு ஏழெட்டு பவுண்டுக்குக் கீழே விழுந்தாத்தான் லைட்டைப் போடும். அதாவது லைட் எரியும்போது நிலைமை ஏற்கெனவே முத்திப் போயிருக்கும். சூடான நல்ல 1489க்கு ஓட்டத்துல 50 பவுண்டை ஒட்டியும் ஸ்லோல 15ஐ ஒட்டியும் காட்டணும். வளைவுல மட்டும் எரிஞ்சிருந்தா ஆயில் ஒதுங்கி, அதை உறிஞ்சற ஸ்ட்ரெய்னர் காத்து வாங்குதுன்னு சொல்லியிருப்பேன், உங்களுக்கு அது இல்ல.

பிரஷர் அதிகமானா ஆயிலைத் திருப்பி விடற ரிலீஃப் வால்வு, இன்ஜின் பிளாக்குக்குப் பின்பக்கம் இடதுபுறம், குமிழ் மூடி மாதிரி ஒரு நட்டுக்குள்ள இருக்கு. தூசு சிக்கி வால்வு முழுசா மூடாம நின்னா குளிர்லயே பிரஷர் ஏறாது. அதனால மீட்டர் மாட்டினதும் முதல்ல குளிர்ல பாருங்க. அப்ப நல்லா ஏறினா அந்த நட்டைத் தொட வேண்டாம்.

ஓமலூர் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சுவிட்ச் யோசனை சரிதான். ஆனா அந்தக் கெட்டி மருந்து வேண்டாம். லைட் அணையும், பெட்ரோல் இறங்கறது நிக்காது. பேரிங் அடிபடற சத்தம் கேக்கற வரைக்கும் வியாதி மறைஞ்சே இருக்கும். தம்பி, பார்த்து முடிக்கற வரைக்கும் வண்டியை மலை ஏத்தாதீங்க. சேம்பருக்குள்ள பெட்ரோல் ஆவி நிறைஞ்சிருக்கறது பிரஷரைவிடப் பெரிய ஆபத்து.

நாகலூர் அம்பி:

ஐயா, டிப்ஸ்டிக்கை மோந்ததுமே தெரிஞ்சுபோச்சு, பங்க்ல நிக்கற மாதிரி வாசனை. பேப்பர்ல சொட்டு உள்ளங்கை அளவுக்குப் பரவி வளையம் கட்டுச்சு. பிளக் நாலும் பழுப்பு நிறம், கரி இல்ல.

மீட்டர் மாட்டினோம். குளிர்ல 55 ஏறுச்சு, அதனால ரிலீஃப் வால்வைத் தொடல. தோட்டத்துக்குள்ளயே ஓட்டிச் சூடாக்கினா ஓட்டத்துல 28, ஸ்லோல 6. ஏசி பம்பைக் கழட்டி, உள்ளே வர்ற குழாயைப் பெட்ரோல் டப்பாவுல விட்டுக் கையால லீவரை அமுக்கிப் பார்த்தோம். லீவர் பக்கத்துல இருந்து சொட்டுச்சு. பிரிச்சா, டயஃப்ரத்துல நடு ரிவெட்டை ஒட்டி நகக்கீறல் மாதிரி ஒரு கிழிசல். தட்டையா வெச்சா கண்ணுக்கே தெரியல, வளைச்சாத்தான் வாயைத் திறக்குது.

பம்புக்குப் புது டயஃப்ரம் கிட் போட்டு, ஆயில், ஃபில்டர் மாத்தியாச்சு. பழைய ஆயில் தண்ணியா ஓடுச்சு. இப்ப சூட்டுல ஓட்டம் 40, ஸ்லோ 13. லைட் எரியல. ஆனா 50, 15 வரலையே? இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?

அம்மாப்பேட்டை மார்க் 2:

என் வண்டி ஸ்லோல 10 காட்டிட்டே ரொம்ப காலமா ஓடுது. பழைய ஃபில்டருக்கு அடியில தங்கின ஆயிலை வெள்ளைத் துணியில வடிச்சு வெயில்ல பாருங்க. மினுக்கற துகள் இருந்து காந்தத்துல ஒட்டலைன்னா அது பேரிங் உலோகம். செம்பு நிறம் தெரிஞ்சா மேல் பூச்சு தேஞ்சு உள்ளே போயாச்சுன்னு அர்த்தம்.

குகை பட்டறை:

அம்மாப்பேட்டைக்காரர் சொன்னதைச் செய்ங்க, நல்ல சோதனை. 13ன்னா கொஞ்சம் தேய்மானம் இருக்கு. நீர்த்த ஆயில்லயே ஓடினதுக்கு வண்டி கொடுத்த விலை அது. இன்ஜினை இறக்கற அளவுக்கு இல்ல. இந்த இன்ஜினுக்கு கிராங்கைத் தாங்கற மெயின் பேரிங் மூணே மூணு. தேஞ்சா ஏத்தத்துல டாப் கியர்ல இழுக்கும்போது அடிவயித்துல இருந்து தொம் தொம்னு கேக்கும். பிக் எண்டுன்னா (பிஸ்டன் ராடு கிராங்கைப் பிடிக்கற பேரிங்) மிதிச்ச ஆக்சிலேட்டரை லேசா விடும்போது டக டகன்னு அடிக்கும். ரெண்டும் இல்லாத வரைக்கும் ஓட்டுங்க.

மூலைமுடுக்குல பழைய ஆயில் இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கும், அதனால புது ஆயிலை வழக்கமான கணக்குல பாதி ஓட்டத்துலயே இறக்கிடுங்க. வடிச்ச பழையதைக் காபிச் செடிப் பக்கம் ஊத்திடாதீங்க, கேன்ல பிடிச்சு பழைய ஆயில் எடுக்கறவங்ககிட்ட கொடுங்க.

மீட்டரைக் கழட்டாதீங்க, அப்படியே இருக்கட்டும். ஒரு டி ஜாயிண்ட் போட்டா லைட் சுவிட்சும் கூடவே மாட்டிக்கலாம். மீட்டரோட வர்ற பிளாஸ்டிக் குழாய் மட்டும் வேண்டாம், சூட்டுல இளகி விட்டுச்சுன்னா ஆயில் முழுக்க வெளியே போயிடும். காப்பர் குழாய் வாங்கி, இன்ஜின் ஆட்டம் தாங்கற மாதிரி நடுவுல ரெண்டு சுத்துச் சுத்தி விடுங்க. டேஷ்போர்டுக்குள்ள நுழையற ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டுக்கங்க.