புதுப்பிப்பு: தானாக ரீஸ்டார்ட் ஆன கம்ப்யூட்டர், காரணம் கிடைத்துவிட்டது

வீட்டுக் கம்ப்யூட்டர் நாளுக்கு நாலைந்து தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராம் இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழையும் இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பிழைப் பதிவு மட்டும் வரிசையாக நின்றது. முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தாண்டி அது காரணம் சொல்லாது.

கடைசியில், கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கையில் 11.9 வோல்ட். மகள் கேமைத் திறந்ததும் 11.1-க்கு இறங்கி, கண்ணெதிரே திரை அணைந்தது. 11.4-க்குக் கீழே போகவே கூடாது! புது எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பத்து நாளாகிறது, ஒரு தடவைகூட அணையவில்லை.

பழையதை மட்டும் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். சந்தேகத்தை எஸ்எம்பிஎஸ் பக்கம் திருப்பிய நண்பருக்கு மனமார்ந்த நன்றி.