கல்லீரல் கட்டிக்கு லேப்ராஸ்கோபியா, திறந்த அறுவையா?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது, ஒரே கட்டி, ஓரத்தில்தான். ஒரு டாக்டர் சிறு துளை போட்டே (லேப்ராஸ்கோபி) எடுத்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் வயிற்றைத் திறந்தால்தான் நல்லது என்கிறார். துளை வழியாகச் செய்தால் நோய் மிச்சம் இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். நார்வேயில் ஆஸ்லோ-காமெட் ஆய்வில் இப்படிப் பரவிய 280 பேரிடம் இதையே ஒப்பிட்டார்கள். சிக்கல்கள் துளை முறையில் 19 சதவீதம், திறந்ததில் 31, ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசமே இல்லை.

இன்னொரு பதில்: கட்டி பெரிய ரத்தக் குழாயை ஒட்டியிருந்தால் கதை வேறு. டாக்டர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கட்டாயம் கேளுங்கள். என் அம்மாவுக்குத் துளை முறையில் செய்யும்போது நடுவில் ரத்தக் கசிவு வந்து, திறந்துதான் முடித்தார்கள், நன்றாகவே இருக்கிறார்.

கேட்டவர்: சரி அண்ணா, ஸ்கேனோடு போய்க் கேட்கிறேன்.